எதிர்ப் பக்கத்துப் பெயர்

ஸ்டுட்கார்ட்
22.02.2007

அன்புத் தங்கச்சி பிளோறன்சுக்கு, அக்கா மரியமலர் எழுதுவது.

முதலில் பிள்ளைகளின் புதினம். மூத்த பேரன் டிலக்சன் மின்சார வேலைக்கான அவுஸ்பில்டுங் தொழிற்பயிற்சிப் படிப்பை முடித்துவிட்டான். சோதனையில் அவன் வகுப்பில் இரண்டாம் ஆள். முதலாம் ஆள் யார் என்று நான் விசாரிக்கவில்லை. கடைசிப் பேத்தி ஷரோமி பியானோப் போட்டியில் மாநில அளவுக்குத் தெரிவாகியிருக்கிறாள். மேடையில் அவள் கால் மிதிகட்டைக்கு எட்டுகிறதா என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், எட்டியது. நடுப்பேத்தி தேனுஜாவை லண்டனில் அவள் பிரிவுக்கே மேலாளாக உயர்த்திவிட்டார்கள். ஆறு பேர் அவளுக்குக் கீழே வேலை செய்கிறார்கள், அதில் ஒருவருக்கு நரைத்த தாடி. உன் மகன் மிதுஷனையும் இந்த வரிசையில் நான் விடமாட்டேன். இருபத்திரண்டு வயதில் ஒரு உதைபந்தாட்டக் கழகத்தின் முதல் அணிக்குக் கோல் காப்பாளன், அதுவும் சம்பளத்துக்கு. பத்திரிகையில் வந்த அவன் படத்தை வெட்டிச் செபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். பூசை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்தில் அதைக் காணாத ஆள் இல்லை.

இனி என் மனவருத்தம். நத்தார்ப் பண்டிகைக்கு அனுப்பிய தேனுஜாவின் பட்டமளிப்புப் படத்தை நீ திருப்பி அனுப்பினாய். பின்பக்கத்தில் "பந்தயக் கம்பனியில் வேலை செய்யும் பிள்ளையின் படம் எங்கள் வீட்டுச் சுவரில் வேண்டாம்" என்று ஊரில் படிப்பித்த காலத்து அழகான டீச்சர் கையெழுத்தில் எழுதியிருந்தாய். நான் அதை ஒருவருக்கும் காட்டவில்லை. நீ அனுப்பிய படத்தையும்தான் பார்த்தேன். நீயும் மிதுஷனும் நிற்கிறீர்கள், வலது ஓரத்தில் நீலச் சட்டை போட்ட ஒரு தோள் மட்டும் இருக்கிறது. மிச்சத்தைக் கத்தரிக்கோல் தின்றிருக்கிறது. உன் மனுசன் அலோசியஸ் தம்பியின் தோளை எனக்குத் தெரியாதா?

பந்தயத்தால் உனக்கு வந்த நட்டம் எனக்குத் தெரியும். அதனால்தான் இதை விளக்கமாக எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் திருத்தாமல் வாசி. ஆனால் சீட்டு என்றால் எனக்குத் தெரியும். இந்த ஊரில் பதினொரு வருடம் இருபது பேரை வைத்துச் சீட்டுப் பிடித்தவள் நான். ஒருவருக்குக் காசு இன்றைக்கே வேண்டும், இவ்வளவு குறைத்துத் தந்தால் போதும் என்று கழிவு கூறி எடுப்பார். இன்னொருவர் பொறுத்திருப்பார், கழிவு அவருக்குப் போகும். சீட்டை நடத்துகிற தாச்சியாக இருந்த நான் ஒருவருக்கும் எதிராக நிற்கவில்லை. இருவரையும் சந்திக்க வைத்தேன், சிறு கூலி எடுத்தேன்.

தேனுஜாவின் கம்பனியும் அப்படித்தான். பந்தயக் கடைக்காரன் உன்னோடு பந்தயம் கட்டுகிறான். நீ தோற்றால்தான் அவன் வீட்டில் அடுப்பு எரியும். நீ வென்றுகொண்டே இருந்தால் வாசலைக் காட்டுவான். இது கடை இல்லை, சந்தை. ஒருவர் இந்த அணி வெல்லும் என்கிறார், இன்னொருவர் வெல்லாது என்கிறார். சந்தை இருவரையும் பொருத்திவிட்டு, வென்றவரிடம் மட்டும் கூலி எடுக்கிறது. யார் வென்றாலும் அதற்கு ஒன்றுதான். அப்படி நடுவில் நிற்கிற வேலை மதிப்பான வேலை என்று நான் நினைக்கிறேன்.

பதில் போடு. வாழ்த்து அட்டை போதாது, கடிதமாகப் போடு.

உன் அக்கா
மரியமலர்


எர்லாங்கன்
05.03.2007

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. டிலக்சனுக்கும் ஷரோமிக்கும் என் வாழ்த்து.

நட்டம் தெரியும் என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். அது எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் பலசரக்குக் கடையில் இவர் மதியம் இரண்டு மணிக்குக் கதவைப் பூட்டி, "பத்து நிமிடத்தில் வருவேன்" என்று அட்டை தொங்கவிடுவார். நான் பல்கலைக்கழக உணவுச்சாலையில் வேலை முடித்து ஐந்து மணிக்கு வரும்போதும் அந்த அட்டை தொங்கிக்கொண்டிருக்கும். மூன்றாவது தெருவில் பந்தயக் கடை. ஒரு நாள் நான் உள்ளே போனேன். நிலம் முழுவதும் கசக்கி எறிந்த துண்டுகள். அதில் எது இவருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் கடை அப்படித்தான் போனது, அந்தத் துண்டுகளாக. இப்போது இவர் ஒரு பீட்சாக் கடையில் மா குழைக்கிறார்.

இந்தச் சாம்பல் புதனன்று கோயிலில் சிலுவைக்கு முன்னால், இனிக் கட்டமாட்டேன் என்று சத்தியம் செய்தார். அது நிலைக்க வேண்டும் என்று நான் நேர்த்தி வைத்திருக்கிறேன். தவக்காலத்து வெள்ளி எல்லாம் ஒருசந்தி, ஒரு நேரச் சாப்பாடு. பெரிய வியாழன் இரவு தொடங்கி உயிர்ப்புப் பூசை முடியும்வரை தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. நானும் மிதுஷனும். அப்பாவுக்காக என்றேன், அவன் மறுக்கவில்லை.

உங்கள் சீட்டு உதாரணம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்றை மறந்துவிட்டீர்கள். "வெல்லாது" என்பதற்கும் அங்கே காசு கட்டலாம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பழைய பந்தயக் கடையில் ஒரு குதிரை வெல்லும் என்றுதான் கட்டலாம். வெல்ல வைப்பது கடினம் அக்கா. தோற்க வைப்பது சுலபம், கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் போதும். தோல்வியை யாரும் விற்கலாம் என்று ஒரு சந்தையைத் திறந்துவிட்டு, நடுவில் நிற்கிறேன், கை சுத்தம் என்றால் எப்படி? சீட்டில் ஒருவர் மற்றவரின் கேட்டை வேண்டிக்கொண்டு இருப்பதில்லையே.

தேனுஜா கெட்டிக்காரி. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம்.

பிளோறன்ஸ்


ஸ்டுட்கார்ட்
14.03.2007

அன்பு பிளோறன்ஸ்,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமை தேனுஜா தொலைபேசி எடுத்தபோது உன் கேள்வியை அப்படியே அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கோபிப்பாள் என்று பார்த்தேன். கோபிக்கவில்லை.

"சின்ன அம்மம்மா கேட்டது சரியான கேள்வி, அம்மம்மா. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம் தாறாங்கள்" என்றாள்.

அவள் வேலை பந்தயம் கட்டுவதோ கட்ட வைப்பதோ இல்லை, காவல் இருப்பது. யார், எந்த ஊரிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், எதிரே நின்றவர் யார், எல்லாம் பதிவாகிறது. வழக்கமில்லாத பக்கம் காசு சரிந்தால் அவள் மேசையில் தெரியும். விளையாட்டுச் சங்கங்களோடு ஒப்பந்தம் இருக்கிறதாம், பேரோடு எடுத்துக் கொடுப்பார்களாம். தோல்வியை விற்கிற ஆட்கள் சந்தை வருமுன்னும் இருந்தார்கள், இருட்டில் விற்றார்கள், இப்போது வெளிச்சத்தில் விற்க வேண்டியிருக்கிறது என்றாள். இது அவள் சொன்னது. நான் என் பங்குக்குச் சொல்வது, நீ பார்த்த அந்தக் கசங்கிய துண்டுகளில் ஒரு பெயரும் இல்லை. இங்கே பெயர் இல்லாத துண்டு ஒன்றுகூட இல்லை. எனக்கு இது பெரிய விசயமாகப் படுகிறது.

இன்னொன்றும் கேட்டேன். தன்னை அடக்க முடியாத ஆளுக்கு என்ன வழி என்று. கிழமைக்கு இவ்வளவுதான் என்று அவரே ஒரு எல்லையைப் போட்டு வைக்கலாமாம். அதைத் தாண்ட விடாதாம். முழுவதும் பூட்டியும் விடலாமாம். ஊரில் எந்தக் கள்ளுக்கொட்டில் அப்படி ஒரு வசதி செய்தது? ஆனாலும் உன் கடைக்கதவில் தொங்கிய அட்டையை இந்த வசதி ஒன்றும் கழற்றவில்லை. அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று, கோபிக்காதே. பெரிய சனி பிற்பகல் மிதுஷனுக்கு ஆட்டம் இருக்கிறதாமே. பந்துக்குப் பாய்கிற பிள்ளை, வியாழன் இரவிலிருந்து பச்சைத் தண்ணீரோடு நிற்பானா? நேர்த்தி உன்னுடையது. அவனுக்கு ஒரு கோப்பை கஞ்சியாவது கொடு. ஆண்டவர் கணக்குப் பார்க்கமாட்டார்.

அக்கா


எர்லாங்கன்
19.04.2007

அக்காவுக்கு,

உயிர்ப்பு விழா வாழ்த்து எழுதுகிற நிலையில் நான் இல்லை.

பெரிய சனி ஆட்டத்தில் எழுபதாவது நிமிடம்வரை மிதுஷனின் அணி ஒன்றுக்குப் பூச்சியம் என்று முன்னால் நின்றது. கடைசி இருபது நிமிடத்தில் மூன்று கோல் விட்டான். மூன்றாவது அவன் கைக்குள் உருண்டு வந்த பந்து. கையை மூடவில்லை. நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன செவ்வாய் உதைபந்தாட்டச் சங்கத்தின் விசாரணைச் சபையிலிருந்து கடிதம் வந்தது. அந்த அணி வெல்லாது என்று ஆட்டத்துக்கு முன்னால் வழக்கத்தைவிடப் பத்து மடங்கு காசு கட்டப்பட்டிருக்கிறதாம். அதை முதலில் சுட்டிக்காட்டியது யார் தெரியுமா? உங்கள் பேத்தியின் கம்பனி. அவர்கள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள், அதில் என் பிள்ளை நிற்கிறான்.

கழகம் அவனைப் பயிற்சிக்கு வரவேண்டாம் என்றுவிட்டது. பத்திரிகை பெயர் போடவில்லை, "இருபத்திரண்டு வயதுக் கோல் காப்பாளர்" என்று மட்டும் போட்டது. இந்த ஊரில் அதற்கு மேல் பெயர் வேண்டுமா? உணவுச்சாலையில் என் பக்கத்தில் நின்று தட்டுக் கழுவுகிற பெண், தகப்பனுக்கும் இந்தப் பழக்கம் இருந்ததுதானே என்று இரக்கமாகக் கேட்டாள். மே 15 விசாரணை. குற்றம் என்று கண்டால் அவன் இனி எந்தக் கழகத்திலும் கையுறை போட முடியாது.

மிதுஷன் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் இருக்கிறான்.

நான் உங்களிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். தேனுஜா அங்கே மேலாள். மிதுஷன் அவளுக்கு மாமா முறை. அந்தக் கோப்பில் அவன் பெயர் இல்லாமல் செய்ய அவளால் முடியும். சொல்லுங்கள்.

பிளோறன்ஸ்


ஸ்டுட்கார்ட்
25.04.2007

அன்புத் தங்கச்சி,

உன் கடிதம் வந்த அன்றே தேனுஜாவுக்கு எடுத்தேன். நான் பெற்ற மகள் ஜெயமலர் பக்கத்தில் நின்று வேண்டாம் வேண்டாம் என்றாள், கேட்கவில்லை. நான் கெஞ்சினேன் பிளோறன்ஸ். தன்னைவிட நாலு வயது இளைய மாமனை நத்தாருக்கு நத்தார் பகிடி பண்ணுகிற பிள்ளை, என்னை முழுவதும் சொல்லி முடிக்க விட்டாள். பிறகு சொன்னாள்.

"மிதுஷன் மாமான்ர பேர் வந்த அண்டைக்கே, இவர் என்ர சொந்தம், இந்தக் கோப்பை நான் தொடமாட்டன் எண்டு எழுதிக் குடுத்திட்டன். இப்ப ஆர் பாக்கினம் எண்டுகூட எனக்குத் தெரியாது. என்னைக் கேக்காதேங்கோ, அம்மம்மா."

அவள் அழுவது கேட்டது. நான் ஆறுதல் சொல்லாமல் தொலைபேசியை வைத்துவிட்டேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் எனக்குப் பழைய ஒரு சங்கதி ஞாபகம் வந்தது. நான் சீட்டுப் பிடித்த காலத்தில் ஜெயமலருக்கும் மருமகன் நவரத்தினத்துக்கும் வீட்டுக்கு முற்பணம் கட்ட அந்த மாதச் சீட்டு வேண்டியிருந்தது. இன்னொரு பெண் அவர்களைவிடக் கூடிய கழிவு கூறிவிட்டாள். என் மகள் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "அம்மா, நீங்கள்தானே தாச்சி, ஆருக்குத் தெரியப்போகுது?" என்று கேட்டாள். நான் கொடுக்கவில்லை. ஒரு மாதம் அவள் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் மற்றப் பத்தொன்பது பேரும் அடுத்த மாதமும் என் வீட்டுக்குக் காசு கொண்டுவந்தார்கள். அன்று நான் வளைந்திருந்தால் ஒருவரும் வந்திருக்கமாட்டார்கள். நான் செய்ததைத்தான் என் பேத்தி செய்திருக்கிறாள். நேற்று அவளுக்கு எடுத்து, நீ செய்தது சரி என்றேன். எனக்கு அதைச் சொல்ல லேசாக இருக்கவில்லை. அதையும் உனக்கு மறைக்கவில்லை.

அந்தக் கோப்பிலிருந்து அவன் பெயரை எடுக்க முடிந்தால் பிறகு அதில் இருக்கிற எந்தப் பெயரையும் யாரும் நம்பத் தேவையில்லை. அவனைக் காப்பாற்றப்போவதும் அந்தக் கோப்புத்தான் என்று என் மனம் சொல்கிறது.

ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். அன்று பிள்ளை சாப்பிட்டவனா?

அக்கா


எர்லாங்கன்
03.05.2007

அக்கா,

சாப்பிடவில்லை. பெரிய வியாழன் இரவு புட்டும் மீனும். அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை தண்ணீர் மட்டும். சபையில் சொல்லமாட்டேன் என்கிறான். சொன்னால் அம்மாவைத்தான் எல்லோரும் சிரிப்பார்களாம்.

இன்று இன்னொரு கடிதம் வந்தது. அந்தச் சந்தையில் எங்கள் வீட்டு முகவரியில் ஒரு கணக்கு இருக்கிறதாம். அந்த ஆட்டத்துக்கும் அதில் காசு கட்டப்பட்டிருக்கிறதாம். எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. விசாரணையில் சொல்வார்களாம்.

தன்னுடையது இல்லை என்று மிதுஷன் வேதப் புத்தகத்தில் கை வைத்தான். இவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பிப் போனார்.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பி.


ஸ்டுட்கார்ட்
07.05.2007

பிளோறன்ஸ்,

ஏசாதே. விசாரணைக்கு அலோசியஸ் தம்பியையும் கூட்டிக்கொண்டு போ. எந்தப் பக்கம் என்று தெரியாமல் நீ முன்னமே தீர்ப்பு எழுதாதே. ஒருசந்தியைப் பற்றி நீயே வாய் திறந்து சொல். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், பிள்ளையின் பெயரைவிட அது பெரிதில்லை.

தேனுஜாவின் சந்தை நல்லது என்று எழுதிய கைதான் இதை எழுதுகிறது. இன்றைக்கு அந்த உறுதி எனக்கு இல்லை. ஆனாலும் எழுதியதை நான் வெட்டவில்லை.

அக்கா


எர்லாங்கன்
18.05.2007

அன்புள்ள அக்காவுக்கு,

மிதுஷன் மேல் குற்றம் இல்லை என்று தீர்த்துவிட்டார்கள். இதை முதலில் எழுதிவிட்டேன், மிச்சத்தை நீங்கள் ஆறுதலாக வாசிக்கலாம்.

நீண்ட மேசை, மூன்று பேர். நடுவில் இருந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்ட ஒரு முதியவர். இவருக்கு ஜெர்மன் சரியாக வராது என்பதால் நானே மொழிபெயர்க்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். வேறு யாரும் எங்கள் வீட்டுக் கதையைக் கேட்கவேண்டாம் என்று நினைத்தேன். அந்தப் பெருமையும் எனக்கு மிஞ்சவில்லை.

முதலில் ஒருசந்தியைச் சொன்னேன். நாற்பது மணித்தியாலம் சாப்பிடாமலா என்று கேட்டார்கள். என் நேர்த்திக்காக என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவர் எழுதுவதை நிறுத்திவிட்டு மிதுஷனைப் பார்த்தார். பயிற்சியாளரிடம் ஏன் சொல்லவில்லை என்று அவனைக் கேட்டார்கள். சொன்னால் ஆட்டத்தில் இறக்காமல் வாங்கில் இருத்திவிடுவார் என்றான்.

பிறகு சந்தையிலிருந்து வந்த பட்டியலை எடுத்தார்கள். வெல்லாது என்று கட்டப்பட்ட பெரிய காசு கழகத்துப் பேருந்துச் சாரதியிடமிருந்தும் அவன் மச்சானிடமிருந்தும் வந்திருக்கிறது. அன்று காலை பேருந்தில் தடுப்பாட்டக்காரர் இரண்டு பேர் வயிறு குழம்பிச் சத்தி எடுத்துக்கொண்டு வந்ததைச் சாரதி கண்டிருக்கிறான். ஆட்டத்தை ஒருவரும் விற்கவில்லை. கண்டதை அவன் காசாக்கியிருக்கிறான். அவனுக்கு வேலை போய்விட்டது.

பிறகு முதியவர் எங்கள் முகவரிக் கணக்கை வாசித்தார். அலோசியஸ் என்ற பெயரில் போன ஆவணியில் திறந்தது. கிழமைக்கு ஐந்து யூரோவுக்கு மேல் கட்ட விடாதே என்று முதல் நாளே அவரே எல்லை போட்டிருக்கிறார். இருபத்தொரு ஆட்டம். எல்லாம் மிதுஷன் நின்ற ஆட்டம். வேறு ஒரு ஆட்டமும் இல்லை, குதிரையும் இல்லை. இருபத்தொரு தடவையும் மிதுஷனின் அணி வெல்லும் என்ற பக்கம். ஆறு, சாம்பல் புதனுக்குப் பிறகு.

பெரிய சனியன்றும் ஐந்து யூரோ, வெல்லும் என்று. மூன்றாம் பிரிவு ஆட்டத்துக்குக் கட்டுகிறவர்கள் கொஞ்சப் பேர்தான். சாரதியின் காசில் ஒரு துண்டுக்கு எதிர்ப் பக்கத்தில் நின்ற பெயர் இவருடைய பெயர்.

முதியவர் இவரைப் பார்த்து, மகன் சாப்பிடவில்லை என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும், காலையில் ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு பின்னால் திரிந்தேன், வாங்கவில்லை என்றார் இவர். அப்படியென்றால் தோற்பான் என்று தெரிந்துமா வெல்லும் என்று கட்டினீர்கள் என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"என்ர பிள்ளை தோப்பான் எண்டு நான் எப்பிடிக் கட்டுறது?"

அதை நான் ஜெர்மனில் சொல்லவேண்டும். இருபது வருடம் இந்த மொழியைப் பேசுகிறேன் அக்கா, எனக்கு வாய் வரவில்லை. மிதுஷன்தான் சொன்னான். தகப்பன் சொன்னதை மகன் மூன்றாம் ஆளாக நின்று சொன்னான், தலையை நிமிர்த்திக்கொண்டு.

வீட்டுக்கு வந்து மூன்று பேரும் ஒரு மேசையில் சாப்பிட்டோம். சத்தியத்தை முறித்ததற்காக நான் இவரை ஏசினேன், ஏசாமல் விடுவேனா? அடுத்த நாள் மிதுஷன் கணினியில் வழி காட்ட, இவரே தன் கணக்கைப் பூட்டினார். இனி அவன் ஆட்டத்துக்குத் திடலுக்கே வந்து நின்று கத்துவாராம்.

நான் இன்னும் பந்தயத்துக்கு ஆதரவான ஆள் இல்லை. ஒரு வீட்டை அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மூன்றாவது தெருக் கடையில் இவர் அந்த ஐந்து யூரோவைக் கட்டியிருந்தால், நிலத்தில் கிடந்த துண்டுகளில் அதுவும் ஒன்று. இவர் எந்தப் பக்கம் நின்றார் என்று எனக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது. பிள்ளையின் நல்ல பெயரும் மீண்டிருக்காது, இவரும் எனக்குத் திரும்பி வந்திருக்கமாட்டார்.

தேனுஜாவுக்கு நன்றி சொல்லுங்கள். ஒன்றும் செய்யாமல் இருந்ததற்கு. நான் கேட்டதை அவள் செய்திருந்தால் அந்தப் பட்டியலை யார் நம்பியிருப்பார்கள்? நான் திருப்பி அனுப்பிய படத்தை மறுபடி அனுப்புவீர்களா? ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.

உங்கள் தங்கச்சி
பிளோறன்ஸ்


ஸ்டுட்கார்ட்
24.05.2007

என் அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை ஜெயமலருக்கு வாசித்தேன், நவரத்தினத்துக்கு வாசித்தேன், தொலைபேசியில் தேனுஜாவுக்கு வாசித்தேன். அலோசியஸ் தம்பி சொன்ன அந்த வரிக்கு வந்ததும் ஒவ்வொரு தரமும் எனக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. தேனுஜா அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொன்னாள். கடைசியாக, "மிதுஷன் மாமா இனி என்னோட கதைப்பாரோ?" என்று மட்டும் கேட்டாள். மாமனுக்கு நான்தான் உத்தரவு கொடுக்கிறேன், இன்றைக்கே அவளுக்கு எடுக்கச் சொல்.

கோயிலில் சொல்லிவிட்டேன். என் பேத்தி சொந்தக்காரன் என்று கோப்பைத் தொடாமல் விட்டவள் என்று சொன்னேன். என் தங்கச்சி மகன் தாய் சொல்லுக்குப் பசியோடு நின்றவன் என்று சொன்னேன். அலோசியஸ் தம்பியைப் பற்றியும் சொன்னேன். வேதவல்லி அக்கா, உனக்குத் தெரியுமே, என் சீட்டில் கடைசிவரை பொறுத்திருந்து எடுக்கிற மனுசி, அவ ஒரு கேள்வி கேட்டா. சாரதி செய்தது களவு என்றால், அதைச் செய்ய வழி விட்ட இடம் எப்படி நல்ல இடம் ஆகும் என்று. நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். சீட்டை எடுத்துக்கொண்டு ஓடிப்போனவர்களும் இருக்கிறார்கள், அதற்காக நாம் சீட்டுக் கட்டாமல் விடவில்லை, பெயர் எழுதி வைக்கப் பழகினோம் என்றேன். அவ தலையாட்டினா. முழுவதும் ஒத்துக்கொண்டா என்று சொல்லமாட்டேன். நீயும் ஒத்துக்கொள்ளவேண்டாம். எனக்கு என் பேத்தி செய்கிற வேலையில் இருந்த மதிப்பு இப்போது இரண்டு மடங்கு, அவ்வளவுதான்.

வருகிற வருடம் ஒருசந்தியை நீ தனியாக இரு. மிதுஷனுடைய பங்கை நான் இருக்கிறேன். எனக்குப் பாய்ந்து பிடிக்கப் பந்து ஒன்றும் இல்லை.

தேனுஜாவின் படம் இதோடு வருகிறது. நீ பின்னால் எழுதியதை நான் அழிக்கவில்லை, சுவரில் தொங்கினால் பின்பக்கம் தெரியாது.

அதற்குப் பதிலாக எனக்கு ஒரு புதுப் படம் வேண்டும். நீ வெட்டி அனுப்பிய பழையதை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன், அந்தத் தோளைப் பார்க்க இனி எனக்கு ஏலாது. அடுத்த ஆட்டம் முடிந்ததும் திடலில் வைத்தே எடுங்கள். மிதுஷன் கையுறையோடு நிற்கட்டும், நீ ஒரு பக்கம், நடுவில் அலோசியஸ் தம்பி, அதே நீலச் சட்டையோடு. கத்தரிக்கோல் படாமல், முழுதாக, கெதியாய்த் தபாலில் போடு.

உன் அக்கா
மரியமலர்